‘ஓடிப்போக வேண்டியதுதானே?’

பேய்ப்படத்தில் லாஜிக் இடிக்கிறது என்று யாராவது சொன்னால், பெரும்பாலும் அது பேயைப் பற்றிய புகாராக இருப்பதில்லை. செத்தவர் எப்படித் திரும்பி வருவார், மூடிய கதவுக்குள் எப்படி நுழைவார் என்று யாரும் கேட்பதில்லை. கேள்வியெல்லாம் அந்த வீட்டுப் பெண்ணைப் பற்றித்தான். கதவு திறந்துதானே கிடக்கிறது, இவள் ஏன் இன்னும் அங்கேயே இருக்கிறாள்?

கதை கேட்கும்போது நாம் அவநம்பிக்கையை மனமுவந்து தள்ளிவைக்கிறோம் என்று 1817இல் எழுதினார் ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ். பேய்க்குத் தாராளமாகத் தரும் அந்தச் சலுகையைப் பெண்ணுக்கு மட்டும் ஏன் தர மறுக்கிறோம்?

அஸ்வின் சரவணன் இயக்கிய ‘கேம் ஓவர்’ (2019) படத்தை எங்கள் வீட்டில் டிவியில் பார்த்தோம். டாப்ஸி நடித்த ஸ்வப்னா, வீடியோ கேம் வடிவமைப்பவள். முன்பு நடந்த பாலியல் வன்முறையின் அச்சம் அவளை விடவில்லை, இருட்டென்றாலே நடுங்குகிறாள். கால்கள் முறிந்து சக்கர நாற்காலியில் இருப்பவளுக்கு, வீட்டு வேலை செய்யும் கலாம்மாதான் துணை. வெளியே கொலைகாரர்கள். கொல்லப்பட்ட ஒரு பெண்ணின் சாம்பல் கலந்த மையால் பச்சை குத்தப்பட்டதால், விளையாட்டில் வருவதுபோல் ஸ்வப்னாவுக்கு மூன்று உயிர்கள்.

சாம்பலை எங்கள் வீட்டில் யாரும் கேள்வி கேட்கவில்லை. சித்தி மகன்தான் பாதியில் சொன்னான்: “முன்னாடியே வீட்டைக் காலி பண்ணிட்டு ஓடிப்போக வேண்டியதுதானே?”

மீன்கூடை கழுவிக்கொண்டிருந்த அம்மா நிமிராமலேயே கேட்டாள்: “எங்கடா போவா?”

பிள்ளைச்சாவடியில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும் கடல்மணலை, 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள் மறித்தன. வடக்கே இருக்கும் எங்கள் கரை கரைந்தது, வீடுகளும் போயின. விரிசல் விட்ட சுவரைப் பார்க்க வருகிறவர்கள், “இன்னும் ஏன் இங்கேயே இருக்கீங்க?” என்பார்கள். படகு நிற்பது இந்தக் கரையில். மீன் ஏலம் எடுப்பதும் சீட்டுக் கட்டுவதும் கடன் வாங்குவதும் இங்கேதான். போக இடம் உள்ளவர்களுக்குத்தான் இது லாஜிக் ஓட்டை.

என் பெரியம்மா இருபது வருடம் அடி வாங்கினாள். ஒருமுறை துணிந்து புகார் கொடுக்கப் போனபோது, அங்கிருந்தவர் கேட்ட முதல் கேள்வி, “இத்தனை வருஷம் ஏம்மா கூட இருந்தே?” அடித்தவர் ஏன் அடித்தார் என்பது அதற்குப் பிறகுதான் வந்தது. பிள்ளைகளின் பள்ளிக்கூடம், மார்க்கெட்டில் போராடிப் பிடித்த இடம், கல்யாணமாகாத தங்கை இருக்கும் தாய்வீடு என்று அவளிடம் காரணங்கள் நிறைய இருந்தன. எதையும் யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

சோம்பேறித்தனமாக எழுதிய படங்கள் உண்டு. காரணமே இல்லாமல் நாயகியை இருட்டறைக்குள் அனுப்பும் இயக்குநரைக் கேள்வி கேட்கத்தான் வேண்டும். ஆனால் ‘கேம் ஓவர்’ இத்தனை காரணம் காட்டிய பிறகும் அதே கேள்வி வருகிறதென்றால், ஓட்டை திரைக்கதையில் இல்லை.

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இந்தக் கேள்வியைத் திருப்பிப் போட்டது. வீடு அவள் பேரில் இல்லாவிட்டாலும் அங்கே வாழும் உரிமை அவளுக்கு உண்டு என்கிறது 17ஆவது பிரிவு. வன்முறை செய்தவனை வீட்டைவிட்டு வெளியேறச் சொல்ல நீதிமன்றத்துக்கு 19ஆவது பிரிவு அதிகாரம் தருகிறது. பெரியம்மாவுக்கு இதை அன்று யாரும் சொல்லவில்லை. இப்போது எங்கள் தெருப் பெண்களுக்கு அவளே சொல்கிறாள்.

கடைசி உயிரில் ஸ்வப்னா ஓடவில்லை. கலாம்மாவோடு சேர்ந்து, தன் வீட்டுக்குள்ளேயே நின்று போராடுகிறாள். படம் முடிந்ததும் சித்தி மகனிடம் நான் கேட்டது ஒன்றுதான்: “அவ வீட்டுக்கு வந்தவங்கதானேடா போயிருக்கணும்?”