தோலுக்கும் உண்டு வரவு செலவு

போடியில் ஏலக்காயை எப்படிப் பக்குவம் பண்ணுகிறார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? உலர்த்திய காயைச் சூட்டோடு தேய்ப்பார்கள். காம்பு, காய்ந்த பூவின் வால் எல்லாம் உதிர்ந்து காய் சுத்தமாக வரும். தேய்ப்பு கொஞ்சம் கூடிப்போனால் தோடு வெடித்துவிடும். வெடித்த காய்க்கு ஏலத்தில் விலை குறைவு. இது எங்க ஊர்ச் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். சொந்த முகம் என்று வரும்போது மட்டும் ஏனோ மறந்துபோகிறது.

மருந்துக் கடை, ஃபேன்ஸி ஸ்டோர், பியூட்டி பார்லர் என்று எங்கே போனாலும் இப்போது ஆசிட்தான். கிளைகாலிக், லாக்டிக், சாலிசிலிக்... நான் படித்தது பி.காம். கெமிஸ்ட்ரியோடு எனக்குப் பத்தாம் வகுப்பிலேயே உறவு முறிந்துபோச்சு. ஆனால், வரவு எது, செலவு எது என்று இரண்டு பத்தியாகப் பிரிக்கத் தெரியும். வாங்க, பிரித்துப் பார்ப்போம்.

ஆசிட் என்றதும் பாத்ரூம் கழுவுகிற பாட்டிலை நினைத்து மிரளாதீர்கள். பித்தளைக் குடத்தைப் புளி போட்டு விளக்கும்போது வேலை செய்வது டார்டாரிக் ஆசிட். கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சையிலும் அது இருக்கிறது. தயிரில் லாக்டிக், கரும்பில் கிளைகாலிக். நம் அம்மாக்கள் முகத்தில் தயிர் தடவியபோது பெயர் தெரியாமலே இந்த வைத்தியத்தைத்தான் செய்தார்கள்.

முதலில் வரவுப் பத்தி. நம் தோலின் மேல் அடுக்கு செத்த செல்களால் ஆனது. அடியிலிருந்து புதுசு ஏறி வர, பழசு உதிர ஏறக்குறைய நாலு வாரம். அந்தச் செல்களைப் பிடித்துவைத்திருக்கும் ஒட்டைத் தளர்த்துவதுதான் ஆசிட்டின் வேலை. 1974-ல் வான் ஸ்காட், ரூயி யூ என்ற இரண்டு பேர், மீன் செதில் மாதிரித் தோல் தடித்து உரிகிற இக்தியோசிஸ் நோய்க்கு இதைப் பூசிப் பலன் கண்டு எழுதினார்கள். நோயாளிக்காக வந்த மருந்து, அப்புறம் அழகுக்கு என்று ஆனது. அளவாகப் போட்டால் சொரசொரப்பு குறையும், மங்கு லேசாகும். சாலிசிலிக் எண்ணெயில் கரையும் என்பதால் துவாரத்துக்குள் இறங்கிப் பருவைக் குறைக்கும்.

இனி, செலவுப் பத்தி.

என் அக்கா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மூணு வாரம்தான் பாக்கி. 'ஃப்ரூட் ஆசிட் பீல், வெறும் பழச்சாறு மாதிரிதான்' என்று ஒரு பார்லரில் சொல்லியிருக்கிறார்கள். எத்தனை சதவிகிதம் என்று இவளும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. மூணாம் நாள், பத்திரிகை வைக்க டூவீலரில் போடிமெட்டு ஏறி இறங்கினாள். அடுத்த வாரம் இரண்டு கன்னத்திலும் கறுப்புத் திட்டு. தேனியில் தோல் டாக்டர் பார்த்துவிட்டு, "ஆறு மாசம் பொறுங்கம்மா" என்றார். கல்யாணம் ஆறு மாசம் பொறுக்குமா? "மாமா, ஆல்பம் பூரா நான் தலையைக் குனிஞ்சே நிக்கிறேன்" என்று பின்னாளில் அவள் சொன்னபோது எனக்குப் பதில் வரவில்லை.

என்ன நடந்தது தெரியுமா? ஆசிட் பூசிய தோல் வெயிலுக்குச் சீக்கிரம் சுருளும். பூசுவதை நிறுத்திய பிறகும் ஒரு வாரம் வரை இந்தப் பலவீனம் இருக்கும் என்று பாட்டிலிலேயே எச்சரிக்கை போடும்படி அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2005-ல் அறிவுறுத்தியது. இதில் மலை வேறு. ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவிகிதம் கூடும். மெட்டுக் காற்று ஜிலுஜிலுவென்று இருக்கும், சுடுவதே தெரியாது. இன்னொன்று, நம்மைப் போன்ற மாநிறத் தோலும் கறுத்த தோலும் எரிச்சல்பட்டால் சிவந்து ஆறிப்போவதில்லை. கறுத்து, மாதக்கணக்கில் நிற்கும்.

'அப்ப இயற்கையா எலுமிச்சம்பழம் தேய்ச்சுக்கிறேன்' என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளமே வரலாம். இயற்கை என்பதற்காக அது சாதுவாகிவிடாது.

ஆகவே, பணம் கொடுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். என்ன ஆசிட்? எத்தனை சதவிகிதம்? போடுகிறவர் யார்? வீட்டு உபயோகத்துக்கு கிளைகாலிக், லாக்டிக் என்றால் 10 சதவிகிதத்துக்குள், சாலிசிலிக் என்றால் 2 சதவிகிதத்துக்குள். அதற்கு மேல் போனால் தோல் டாக்டர் கையால் மட்டும். முதலில் காதுக்குப் பின்னால் துளி தடவிப் பார்த்து, வாரம் ஒரு ராத்திரி, இரண்டு ராத்திரி என்று தொடங்குங்கள். பகலில் சன்ஸ்கிரீன் கட்டாயம். எரிந்தால் கழுவிவிட்டு நிறுத்துங்கள். 'எரிஞ்சாத்தான் வேலை செய்யுது' என்று யாராவது சொன்னால் அந்த நாற்காலியை விட்டு எழுந்துவிடுங்கள். கல்யாணத்துக்கு நாள் குறித்த பிறகு புதுசாக எதையும் முகத்தில் பரீட்சை பார்க்காதீர்கள்.

முக்கியமானதைக் கடைசியாகச் சொல்கிறேன். இந்த ஆசிட் எதுவும் கறுப்பைச் சிவப்பாக்காது. பிறந்த நிறம் செத்த செல்லில் இல்லை. உள்ளே, புதுசு புதுசாக உற்பத்தியாகிறது. செத்த செல் உதிர்ந்தால் அடியில் இருப்பதும் உங்கள் நிறம்தான். அக்கா மகள் பார்லருக்குப் போனது பருவுக்காக அல்ல. பெண் பார்க்க வந்த வீட்டில் ஒரு அம்மா, "பொண்ணு கொஞ்சம் நிறம் கம்மியோ" என்றதற்காக. அந்த அம்மாவுக்குப் போட ஏதாவது ஆசிட் கண்டுபிடித்திருக்கிறார்களா என்றுதான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.