நாய் நக்கும் மருந்து



கண்டமங்கலத்தில் மழைக்காலம் வந்தால் வயலில் ஈரம் தேங்குவதுபோல நாய்களின் ரோமத்தடியிலும் ஈரம் தேங்கிவிடுகிறது. தெள்ளும் உண்ணியும் பெருகுகின்றன, சொறி பிடிக்கிறது. இரவெல்லாம் காலால் பிராண்டும் சத்தம் திண்ணையிலிருந்து கேட்கிறது. அந்நாட்களில் சபையார் சிலர், "ஐயா, வீட்டிலேயே செய்யக்கூடிய வைத்தியம் ஏதேனும் உண்டா?" என்று கேட்பதுண்டு. நீதிமான் தன் மிருகத்தின் உயிரைக்குறித்தும் கவலைப்படுகிறான் என்று நீதிமொழிகள் 12:10 போதிப்பதால், இந்தக் கேள்வியை நான் அற்பமாக எண்ணுவதில்லை.

எளிய வழிகள் உண்டு. இரண்டு கைப்பிடி வேப்பிலையைத் தண்ணீரில் கொதிக்கவைத்து, நன்றாக ஆறவிட்டு வடிகட்டி, குளிப்பாட்டியபின் உடல்மேல் ஊற்றலாம். சர்க்கரையோ வாசனையோ சேராத ஓட்ஸைப் பொடித்து வெதுவெதுப்பான நீரில் கரைத்து, பத்து நிமிடம் தோலில் ஊறவிட்டு அலசினால் அரிப்புத் தணியும். வறண்ட இடத்தில் தேங்காய் எண்ணெயை மெல்லியதாகத் தடவலாம். நாம் குளிக்கும் சோப்பு வேண்டாம். அது நாயின் தோலை மேலும் வறளச் செய்யும். தெள்ளின் முட்டைகள் நாய் படுக்கும் இடத்தில் உதிர்ந்து கிடப்பதால், சாக்கையும் துணியையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துவது அவசியம்.

ஆனால் இவை அரிப்பைத் தணிக்குமே தவிர, காரணத்தை நீக்கா. ரோமம் உதிர்ந்து தோல் தடித்தாலோ, புண்ணில் சீழ் வைத்தாலோ கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். சிலவகைச் சொறி மனிதருக்கும் தொற்றும். அருகில் புதுச்சேரியின் குரும்பாபேட்டில் ராஜீவ்காந்தி கால்நடை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

எல்லாவற்றிலும் முக்கியமான ஒன்றை மறவாதிருங்கள்: நாய் தன் உடலில் தடவப்பட்டதை நக்கும். தோலுக்கு வைத்த மருந்து சற்று நேரத்தில் வயிற்றுக்குள் போய்விடும். ஆகவேதான் வண்டியின் கழிவு ஆயிலும் மண்ணெண்ணெயும் பினாயிலும் கூடாது. மாட்டுப் புண்ணுக்குப் பூண்டு சேர்த்து அரைக்கும் மருந்தையும் நாய்க்கு இடலாகாது. பூண்டு அதன் இரத்த அணுக்களைச் சிதைக்கும். ஊற்றுகிறவர் மனதில் இரக்கம் இருக்கலாம். விழுங்குகிறது அந்த வாயில்லா ஜீவனல்லவா?

இதைச் சிந்திக்கும்போதெல்லாம் யோபு என் நினைவுக்கு வருகிறான். உள்ளங்கால் முதல் உச்சந்தலைவரை பருக்களோடு, ஓட்டுத்துண்டால் சுரண்டிக்கொண்டு சாம்பலில் அமர்ந்திருந்தான் (யோபு 2:7-8). எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் ஆகிய மூவரும் ஆறுதல் சொல்லவே வந்தார்கள். ஏழு நாள் இரவும் பகலும் பேசாமல் அவனோடு தரையில் அமர்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் வைத்தியம் நல்ல வைத்தியம். பிறகு வாய் திறந்தார்கள். அவன் பாவமே காரணம் என்று சாதித்தார்கள். புண்ணின்மேல் கழிவு ஆயிலை ஊற்றினார்கள். இறுதியில் தேவனே அவர்களைக் கடிந்துகொண்டார் (42:7).

பிரியமானவர்களே, துக்கவீட்டில் நாம் சொல்லும் வார்த்தை மேல்தோலோடு நிற்பதில்லை. குழந்தையில்லாத சகோதரியிடம் "விசுவாசம் போதவில்லை" என்கிறோம். மகனை இழந்த தகப்பனிடம் "ஏதோ குறை இருந்திருக்கும்" என்கிறோம். நாம் வீடு திரும்பி உறங்கிவிடுகிறோம். அவர்களோ நள்ளிரவில் அந்த வார்த்தையைத் திரும்பத் திரும்ப நக்கி உள்ளே விழுங்குகிறார்கள். இனிய சொற்கள் எலும்புகளுக்கும் ஔஷதம் என்று ஞானி கண்டது (நீதிமொழிகள் 16:24) இந்த ஆழத்தைத்தான். வார்த்தை எலும்புவரை இறங்கும். மருந்தானாலும் இறங்கும், நஞ்சானாலும் இறங்கும்.

இந்த வாரம் வருந்துகிற ஒருவரைச் சந்திக்கப் போகுமுன், "நான் சொல்லப்போவதை இவர் இரவில் தனியே விழுங்கினால் ஆறுதலாகுமா?" என்று உங்களையே கேளுங்கள். பதில் தெரியாவிட்டால், யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாள் செய்ததைச் செய்யுங்கள், அருகில் அமர்ந்திருங்கள்.

ஜெபம்: இரக்கமுள்ள பிதாவே, எங்கள் கைகளுக்கு மென்மையையும் எங்கள் நாவுக்குக் காவலையும் தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.