வாளித் தண்ணீரும் கராம்பு வாசமும்

கண்டியிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் குளியல் தொட்டி வைத்த வீடு அபூர்வம். வாளியும் கோப்பையும் உண்டு, ஷவர் உண்டு, கிணற்றடி உண்டு. தோட்டத்து லயங்களுக்குப் பக்கத்தில் மலைநீர் விழும் பீலியும் உண்டு. தோழிகளை வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு நாள் இருந்து குளியல் பொருள்கள் செய்யலாம் என்று நினைப்பவர் முதலில் கணக்கில் எடுக்க வேண்டியது இதைத்தான். காணொளிகளில் அதிகம் வருவது நீரில் போட்டதும் நுரைத்துக் கரையும் வண்ண உருண்டை. நீரில் பொங்கும் வயிற்று மாத்திரையைப் பார்த்து, 1989இல் இங்கிலாந்தில் மோ கொன்ஸ்டன்டைன் உருவாக்கியது அது. லஷ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். அப்பச்சோடா இரண்டு பங்கு, சிட்ரிக் அமிலம் ஒரு பங்கு என்று செய்முறை எளிதுதான். ஆனால் ஒக்டோபர், நவம்பர் மழையில் கண்டியின் ஈரக்காற்றே போதும், அச்சுக்குள் இருக்கும்போதே கலவை பொங்கத் தொடங்கிவிடும். பொங்காமல் காய்ந்தாலும் அதைப் போடத் தொட்டி இல்லை.

குளிப்பதற்கென்று பூவும் மூலிகையும் கூட்டுகிற வேலை இந்த ஊருக்குப் புதிதும் அல்ல. தலதா மாளிகையில் புதன்கிழமைதோறும் நானுமுர மங்கல்யய நடக்கிறது. வாசனைப் பூக்களும் மூலிகைகளும் சேர்ந்த நீரால் புனித தந்ததாதுவுக்கு அடையாளமாக நீராட்டு செய்து, அந்த நீரை வந்திருப்பவர்களுக்குக் கொடுக்கிறார்கள். சித்திரைப் புத்தாண்டுக்குத் தமிழர் வீடுகளில் மருத்துநீர் வைத்து முழுகுவார்கள். தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகு, பால், மஞ்சள், மிளகு, சுக்கு என்று நீளும் பட்டியல் அது. கோவிலில் காய்ச்சியதைப் போத்தலில் வாங்கி வந்து, பெரியவர்கள் சிறியவர்களின் தலையில் வைப்பார்கள். சிங்களக் குடும்பங்களில் புத்தாண்டு பிறந்த சில நாட்களில் சுபவேளை பார்த்து எண்ணெயும் நானு என்ற மூலிகைக் கலவையும் தலைக்கு வைப்பார்கள். தலைக்கு மேலே ஓர் இலை, காலுக்குக் கீழே ஓர் இலை என்பது இரு வீட்டு வழக்கத்திலும் உண்டு. ஒரே மேசையைச் சுற்றித் தமிழ்ப் பெண்ணும் சிங்களப் பெண்ணும் முஸ்லிம் பெண்ணும் உட்காரும் கண்டி வீட்டில் பேச்சு தானாகத் தொடங்க இது ஒன்றே போதும். ஒருத்தி அம்மம்மா அரைத்த செவ்வரத்தை இலையைப் பற்றிச் சொல்வாள். இன்னொருத்தி கசக்கினால் வழவழப்பு இறங்கும் தவுல் குருந்து இலையால் தலை கழுவியதைச் சொல்வாள். அந்தப் பேச்சிலிருந்தே அன்றைக்கு என்ன செய்வது என்ற பட்டியலை எடுப்பவர்தான் இந்த வேலையில் தேர்ந்தவர்.

சாமான் வாங்க அதிகம் அலைய வேண்டியதில்லை. கராம்பு, ஏலம், சாதிக்காய், கறுவா எல்லாம் கண்டி, மாத்தளை மலைச்சரிவுகளில் விளைபவை, மத்திய சந்தையிலேயே கிடைக்கும். ஆவாரம்பூ வறண்ட நாட்டிலிருந்து வருவது, தேநீர்போல் குடிப்பதற்காக ரணவரா என்ற பெயரில் காயவைத்து விற்கிறார்கள். வெட்டிவேரை நாட்டு மருந்துக் கடையில் சவந்தரா என்று கேட்க வேண்டும். மஞ்சளுக்கு ஒரு தனிக் கதை. இறக்குமதி நிறுத்தப்பட்டு 2020இல் விலை எகிறியபோது வீட்டுத் தோட்டங்களில் மஞ்சள் நட்டவர்கள் பலர். நட்டு, பிடுங்கி, அவித்து, காயவைத்துப் பழகிய கை கூட்டத்தில் ஒன்றாவது இருந்தால், எந்த மஞ்சள் சுத்தம், எதில் மா கலந்திருக்கிறது என்று பார்த்தவுடன் சொல்லிவிடும்.

கூட்டமாகச் செய்ய ஏற்றது குளியல் மா. பயற்றம்மா நான்கு பங்கு, இடித்துச் சலித்த ஆவாரம்பூவும் வெட்டிவேரும் ஒவ்வொரு பங்கு, கஸ்தூரி மஞ்சள் கால் பங்கு. இதில் நெருப்பு இல்லை, காரம் இல்லை, பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். ஒருவர் இடிக்க, ஒருவர் சலிக்க, ஒருவர் நிறுக்க, வேலை தானாகப் பிரியும். கவனிக்க வேண்டியது ஈரம் ஒன்றே. சாமான்களை முந்திய நாட்களில் நல்ல வெயிலில் காயவைத்திருக்க வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரையுள்ள வெயில் அதற்குத் தோதானது. காயாத பூவை இடித்துப் போத்தலில் அடைத்தால் மா கட்டிபட்டுப் பூஞ்சணம் பிடிக்கும். வெட்டிவேரின் நார் நீங்க மெல்லிய துணியில் இரண்டு தரம் சலிப்பது நல்லது, சலிக்காத மா உடம்பைக் கீறும்.

அடுத்தது எண்ணெய்த் தேய்ப்பு. இரண்டு பங்கு சீனியும் ஒரு பங்கு தேங்காயெண்ணெயும் சேர்ந்தால் கைகால் தேய்க்க நல்ல பதம் வரும். உப்பிலும் செய்யலாம், ஆனால் வெட்டுக்காயத்தில் எரியும், முகத்துக்கு ஆகாது. தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகையில் உருகுவது. கடல்மட்டத்திலிருந்து 500 மீற்றர் அளவில் இருக்கும் கண்டியில் ஜனவரிக் காலையில் போத்தலுக்குள்ளேயே உறைந்து நிற்கும். கொழும்பில் எழுதப்பட்ட அளவு இங்கே காலையில் ஒரு பதமும் மத்தியானம் வேறொரு பதமும் காட்டுவது இதனால்தான். எண்ணெயை இளஞ்சூட்டில் முழுதாக உருக்கி, ஆறவிட்டு, பிறகு சீனி போட வேண்டும். கற்றாழைச் சாறு, தேசிக்காய்ச் சாறு, பால் என்று ஈரமான எதையும் போத்தலில் சேர்க்கக் கூடாது. பதங்காப்பு மருந்து இல்லாத கலவையில் நீர் புகுந்தால் சில நாட்களில் கெட்டுவிடும். வேண்டியவர்கள் குளிக்கும் நேரத்தில் உள்ளங்கையில் கலந்துகொள்ளட்டும். தேசிக்காய்க்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. அதன் சாறு பட்ட தோல் வெயிலில் நின்றால் கொப்புளித்துக் கறுத்துப்போகும். இயற்கையானது என்ற ஒரே காரணத்துக்காக எதையும் உடம்பில் பூசலாம் என்ற நம்பிக்கையை இந்த மேசையிலிருந்து அகற்றியே ஆகவேண்டும்.

வாசனை எண்ணெய்களில் அந்த நம்பிக்கை இன்னும் ஆபத்து. கறுவாப்பட்டை எண்ணெயில் உள்ள சின்னமல்டிஹைட் தோலைக் கடுமையாக உறுத்தும். அதைக் குளியல் பொருளில் சேர்க்காமலே விடுவது மேல். கறுவா இலை எண்ணெயிலும் கராம்பெண்ணெயிலும் பெரும்பங்கு யூஜினோல். நூற்றுக்கு அரைப் பங்கு, அதாவது 200 கிராம் கலவைக்கு ஒரு கிராம், அதற்கு மேல் போகக் கூடாது. வாசம் போதவில்லையே என்று இன்னும் இரண்டு துளி விடத்தான் எல்லாருக்கும் கை போகும். அதனால் வாசனைப் போத்தல்களை மேசையில் பரப்பாமல், கூட்டத்தை நடத்துபவரே கையில் வைத்து அளந்து கொடுப்பது வழக்கம்.

இனிச் சவர்க்காரம். லீவர் நிறுவனம் இலங்கையில் 1938இல் கால் வைத்தது, சுவதேசி 1941இல் தொடங்கியது. கடையில் வேப்பஞ்சவர்க்காரமும் சந்தனச் சவர்க்காரமும் வாங்கி வளர்ந்த தலைமுறைகளுக்கு அதை வீட்டில் காய்ச்சுவது பெரிய காரியமாகத் தெரியும். 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் காட்டிய பணவீக்கம் நூற்றுக்கு 69.8ஐத் தொட்டது. சவர்க்காரக் கட்டியை விலை பார்த்து வாங்க வேண்டியிருந்த காலம் அது. செய்முறை கடினமல்ல, காஸ்டிக் சோடாதான் பயப்பட வேண்டியது. அரை கிலோ தேங்காயெண்ணெயை முழுதாகச் சவர்க்காரமாக்க ஏறத்தாழ 91 கிராம் சோடா வேண்டும். அப்படிச் செய்த கட்டி அழுக்கை எடுக்கும், தோலையும் வறளவைக்கும். 73 கிராமோடு நிறுத்தினால் எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு மாறாமல் தங்கித் தோலைக் காக்கும். இதற்கு 150 கிராம் தண்ணீர் போதும். எலக்ட்ரோனிக் தராசு இல்லாமல் இதைத் தொடவே கூடாது, கோப்பை அளவு இங்கே செல்லாது. அலுமினியப் பாத்திரத்தைச் சோடா அரித்துத் தீப்பிடிக்கும் வாயுவைக் கிளப்பும் என்பதால் எவர்சில்வர்தான். "அக்கா, தண்ணியிலதான் சோடாவப் போடணும், சோடாவுல தண்ணிய ஊத்திடாதீங்க" என்ற வாக்கியம் எத்தனை தரம் சொன்னாலும் தகும். மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும்.

ஆகவே ஆட்கள் வருமுன், காலையிலேயே, கண்ணாடியும் கையுறையும் போட்டு, யன்னலைத் திறந்துவைத்து, நடத்துபவர் தனியாக இதை முடித்துவிட வேண்டும். தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரத்துக்கு ஒரு குணம் உண்டு. சில மணி நேரத்தில் இறுகிவிடும், மறுநாள் வரை விட்டால் வெட்டும்போது உதிரும். காலையில் அச்சில் ஊற்றியது பிற்பகலில் இளஞ்சூட்டோடு வெட்டப் பதமாக நிற்கும். அந்த வெட்டும் வேலையைத் தோழிகளுக்கு விடலாம், கையுறையோடு. கத்தி இறங்கி முதல் துண்டு பிரியும்போது அறையில் எழும் மகிழ்ச்சிக்காகவே இவ்வளவு ஆயத்தமும் செய்யலாம். வெட்டிய கட்டிகள் நான்கு வாரம் காற்றாட இருக்க வேண்டும். அன்று கையில் கொண்டுபோகக் கொடுப்பது ஒரு மாதம் முந்திக் காய்ச்சி ஆறவைத்தது.

நுரை வரவில்லை என்று பிறகு யாராவது தொலைபேசியில் சொன்னால், அவர் வீட்டுத் தண்ணீரைப் பற்றித்தான் முதலில் கேட்க வேண்டும். பீலியில் விழும் மலைநீரில் இந்தச் சவர்க்காரம் பொங்கி நுரைக்கும். திகனப் பக்கம் நிலத்தடியில் தொலமைட் பாறை, அங்கே கிணற்று நீர் கடினமாக இருக்கலாம். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் கிணறுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கடின நீரில் சவர்க்காரம் வெண்மையாகத் திரிந்து வாளி ஓரத்தில் ஒட்டும். மற்ற எண்ணெய்களைவிடத் தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரம் அந்த நீரிலும் ஓரளவு ஈடுகொடுக்கும், கடல்நீரிலும் நுரைப்பதால் கப்பல்காரர்கள் அதைத் தேடியதுண்டு. யாழ்ப்பாணத்து உறவினருக்கு அனுப்ப விரும்பும் தோழிக்குச் சவர்க்காரத்தோடு ஒரு போத்தல் குளியல் மாவும் சேர்த்துக் கொடுக்கலாம். மாவுக்கு நுரை பொருட்டல்ல, எந்தத் தண்ணீரிலும் அழுக்கெடுக்கும்.

போகும்போது ஒவ்வொரு போத்தலிலும் செய்த திகதியும் உள்ளே என்ன இருக்கிறது என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும், தமிழிலும் சிங்களத்திலும். பயறு ஒத்துக்கொள்ளாதவர் வீட்டில் இருக்கலாம், குழந்தை இருக்கலாம். முழங்கையின் உட்புறத்தில் சிறிது பூசி ஒரு நாள் பார்த்துவிட்டு உடம்புக்குப் போடச் சொல்ல வேண்டும். எண்ணெய்த் தேய்ப்பை ஈரக்கையால் அள்ளாமல் உலர்ந்த கரண்டியால் எடுக்கவும், மாவை இரண்டு மாதத்துக்குள் தீர்க்கவும் அதே தாளில் ஒரு வரி எழுதிவிடலாம்.