அப்பாவின் சைக்கிளும் ஒரு சின்னக் கனெக்டரும்

(மூன்றாம் ஆண்டு, இயற்பியல்)

ஆலங்காயத்திலிருந்து காவலூருக்கு ஏறும் மலைச்சாலையில் சென்றவர்களுக்கு அதன் வளைவுகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சென்ற பங்குனி மாதத்து நண்பகலில், அந்த வளைவுகளில் ஒன்றில், என் அப்பாவின் முழங்காலுக்கு அருகே ஒரு பிளாஸ்டிக் துண்டு உருகிக்கொண்டிருந்தது. அதை அங்கே பொருத்தியவன் நான்தான்.

எங்கள் ஊர் ஜவ்வாது மலையில், காவலூர் வானாய்வகத்துக்குச் சற்று அப்பால் உள்ளது. 1986-இல் அங்கே இயங்கத் தொடங்கிய 2.3 மீட்டர் தொலைநோக்கியின் வெள்ளைக் குவிமாடத்தைப் பார்த்துத்தான் இயற்பியல் படிக்க வந்தேன். நட்சத்திரக் கணக்குப் படிக்க வந்தவனுக்கு ஒரு சாண் கம்பியின் கணக்குத் தெரியாமற்போனது வேடிக்கைதான்.

அப்பா சாமை மூட்டையைக் கீழே இறக்கிவிட்டு, அரிசி பருப்போடு மேலே வருவார். அவருக்காகப் பழைய சைக்கிள் ஒன்றில் மின்மோட்டார் பூட்ட நினைத்தேன். உதவித்தொகையில் மிச்சம் பிடித்துச் சென்னை ரிச்சி தெருவில் மோட்டாரும் கண்ட்ரோலரும் வாங்கினேன். 48 வோல்ட் லித்தியம் பாட்டரியும் கிடைத்தது. எல்லாவற்றுக்கும் பணம் செலவழித்தவன், பாட்டரியையும் கண்ட்ரோலரையும் சேர்க்கும் கனெக்டருக்கு மட்டும் கஞ்சனானேன். வீட்டு ஒயரிங்கில் மிஞ்சிய, திருகாணி வைத்த பிளாஸ்டிக் கனெக்டர் ஒன்று கிடந்தது. அதையே முடுக்கினேன். கல்லூரி மைதானத்தில் பத்துச் சுற்று ஓட்டினேன். ஒரு குறையும் தெரியவில்லை.

மைதானம் சமதளம் அல்லவா! அங்கே பாட்டரியிலிருந்து 10 ஆம்பியர்தான் ஓடியது. மூட்டையோடு மேட்டில் ஏறும்போது 30 ஆம்பியர். மின்னோட்டம் மூன்று மடங்கானால் சூடு மூன்று மடங்கு அன்று, ஒன்பது மடங்கு. முதலாண்டுத் தேர்வில் இந்த ஜூல் விதியை எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன் நான்!

அப்பாவுக்கு முதலில் வாசனைதான் வந்ததாம். இறங்கிப் பார்த்தால் புகை. சாலையோரம் முழுவதும் காய்ந்த புல். நேர்மின், எதிர்மின் கம்பிகளுக்கு இடையே இருந்த பிளாஸ்டிக் இளகி, இரண்டும் ஒன்றையொன்று தொட இன்னும் கொஞ்சமே இருந்தது. தொட்டிருந்தால் பாட்டரி முழுதும் தன் ஆற்றலைக் கணத்தில் கொட்டியிருக்கும். அவர் தோள் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு ஒரு கம்பியைப் பிடுங்கி எறிந்தார். உள்ளங்கையில் கொப்புளம். வீட்டுக்கு வந்து என்னைத் திட்டவில்லை. "சைக்கிள் நல்லாத்தான்டா ஏறுது" என்றார். திட்டியிருக்கலாம்.

உருகிய கனெக்டரை மறுநாளே எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு எடுத்து வந்தேன். அதே வகையில் இன்னொன்றை முடுக்கி, 30 ஆம்பியர் செலுத்தி, அதன் இரு முனைகளுக்கும் இடையே அளக்கச் சொன்னார் பேராசிரியர். 300 மில்லி வோல்ட் காட்டியது. அதாவது 10 மில்லி ஓம் தடை. "இவ்வளவுதானா?" என்று அலட்சியமாகக் கேட்டேன். பெருக்கிப் பார்க்கச் சொன்னார். 9 வாட்! விரல்நுனி அளவு இடத்தில், காற்றோட்டமில்லாத பெட்டிக்குள், ஏற்றம் முடியும்வரை ஓயாமல் 9 வாட். பல இழைக் கம்பியைத் திருகாணியால் நசுக்கினால் அதிர்வில் தளரும். தளர்ந்தால் தடை கூடும். தடை கூடினால் சூடு. சூட்டில் மேலும் தளரும்.

இப்போது பொருத்தியிருப்பது எக்ஸ்.டி.90 என்னும் மஞ்சள் நிறக் கனெக்டர். பொம்மை விமானம் பறக்கவிடுவோரிடையே இதுவும் இதன் தம்பியான எக்ஸ்.டி.60-உம் பிரபலம். நண்பர்களே, அந்த 60, 90 என்ற எண்களைக் கண்டு ஏமாற வேண்டாம்! அவை சிறிது நேரம் தாங்கக்கூடிய ஆம்பியரைக் குறிப்பவை. நெடுநேரம் தாங்குவது அதில் ஏறத்தாழப் பாதிதான். விமானம் மேலெழும் சில விநாடிகளுக்கு 60 போதும். எங்கள் மலையேற்றமோ விநாடிக் கணக்கு அன்று. ஆகவேதான் பெரியதை எடுத்தேன். கம்பியையும் 4 சதுர மில்லிமீட்டராக மாற்றினேன். பாட்டரியை ஒட்டி ஒரு 40 ஆம்பியர் ஃப்யூஸும் வைத்தேன். இம்முறை அளந்தபோது 30 மில்லி வோல்ட்டுக்கும் கீழே.

இதன் ஒரு பக்க மூலைகள் சரிந்திருப்பதால் தலைகீழாகச் செருக முடியாது. உலோக முனைகள் உள்ளடங்கிய பாதியைத்தான் பாட்டரிப் பக்கம் வைக்க வேண்டும். ஏனெனில் பாட்டரி எப்போதும் உயிரோடிருப்பது, அதற்கு ஸ்விட்ச் கிடையாது. இதை மறந்து, பழைய கம்பிகள் இரண்டையும் ஒரே வெட்டாக வெட்டினேன். கட்டிங் பிளேயரின் வாயில் விழுந்த பள்ளம் இன்றும் இருக்கிறது. ஒவ்வொன்றாக வெட்டி, வெட்டிய முனைக்கு உடனே டேப் சுற்ற வேண்டும். ஈயம் வைக்கும்போது மறுபாதியைச் செருகி வைத்தால், நைலான் இளகினாலும் முனைகள் கோணிக்கொள்வதில்லை.

இன்னொன்று, செருகும்போது 'படக்'கென்று வரும் பொறி. கண்ட்ரோலருக்குள் இருக்கும் வெற்று கெப்பாசிட்டர்கள் ஒரே மூச்சில் மின்னூட்டத்தை உறிஞ்சுவதால் அது வருகிறது. நாளடைவில் முனையை அரித்து, தடையைக் கூட்டிவிடும். பெயரின் இறுதியில் 'எஸ்' சேர்ந்த எக்ஸ்.டி.90 வகையில் 5.6 ஓம் தடை ஒன்றை உள்ளேயே வைத்திருக்கிறார்கள். முழு மின்னூட்டத்தில் 54.6 வோல்ட் உள்ள எங்கள் பாட்டரிக்கு, முதல் பாய்ச்சல் 10 ஆம்பியருக்குள் அடங்கிவிடுகிறது. முழுதும் செருகியபின் அந்தத் தடை பாதையிலிருந்து விலகிவிடும்.

இந்தக் கணக்கெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். ஆனால் இன்றும் காவலூர் ஏற்றம் முடிந்ததும் சைக்கிளை நிறுத்துகிறார். காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைப் பார்ப்பதுபோல், அந்த மஞ்சள் கனெக்டரைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மறுபடியும் ஏறுகிறார்.