வரைபடத்தில் இல்லாத உறுப்புகள்

பௌதிகம் படிக்கும் நமக்கு ஒத்ததிர்வுச் சுற்று என்றால் பத்து மதிப்பெண் வினா. வாய்பாட்டைத் தருவித்து, படம் வரைந்து, விடையை அடிக்கோடிட்டால் தீர்ந்தது. விடுமுறைகளை மாமாவின் வானொலி பழுதுபார்க்கும் கடையில் கழித்த எனக்கோ அந்தச் சுற்று வேறொரு முகம் காட்டியது.

மாமா எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர். ஆயினும் எஃப்.எம். கம்பிச்சுருளின் அருகே இரும்புத் திருப்புளியைக் கொண்டுபோக விடமாட்டார். சீவிய மூங்கில் குச்சியால்தான் அதன் சுற்றுகளை மயிரிழை அகட்டுவார். "கிட்டக் கைய வெச்சாலே ஸ்டேஷன் ஓடிப்போயிரும், மாப்ளே" என்பார்.

அது மூடநம்பிக்கை அன்று, கணக்கு. மத்திய அலையில் திருச்சி வானொலிக்குரிய 936 கிலோஹெர்ட்ஸை 200 மைக்ரோஹென்றி சுருளால் பிடிக்க ஏறத்தாழ 145 பிக்கோஃபாரட் மின்தேக்கி வேண்டும். அருகே வந்த கை 3 பிக்கோஃபாரட்டைக் கூட்டினால் அதிர்வெண் நூற்றில் ஒரு பங்கு நகரும். குமிழைத் திருப்பிச் சரிசெய்துகொள்ளலாம். 100 மெகாஹெர்ட்ஸிலோ 0.1 மைக்ரோஹென்றியும் 25 பிக்கோஃபாரட்டும்தான் மொத்த மூலதனம். அதே 3 அங்கே வந்து சேர்ந்தால் 95ஐ ஒட்டி இறங்கிவிடும். (மாதக் கடைசியில் வந்த விருந்தாளி போல!)

கம்பியும் வெறும் கம்பியாக இருப்பதில்லை. 2 சென்டிமீட்டர் செம்புக் கம்பி வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸுக்குத் தடையே அன்று. 100 மெகாஹெர்ட்ஸில் தன் மின்தூண்டலால் 10 ஓம் அளவுக்கு மறிக்கிறது. 0.01 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை, கால்கள் இரண்டும் சேர்ந்து அவ்வளவு நீளமிருக்கப் பற்றவைத்தால், ஏறத்தாழ 12 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் அது கம்பிச்சுருளாகவே நடந்துகொள்ளும். வரைபடத்தில் மட்டும் மின்தேக்கியாக நிற்கும்!

கால்களை ஒட்ட நறுக்கு, தரைக் கம்பியைக் குட்டையாக வை, அருகருகே உள்ள இரு சுருள்களை ஒன்றுக்கொன்று குறுக்காக நிறுத்து: மாமா கைப்பழக்கமாக அறிந்த இவற்றைக் கணக்கோடு சேர்த்து ஒரு நோட்டில் எழுதிவருகிறேன். பழுதுபார்க்க வரும் பெட்டிகள் அருகிவிட்டன. பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று இருக்க முடியவில்லை.

நம் ஆய்வுக்கூடத்தில் இச்சோதனையைச் சில கிலோஹெர்ட்ஸில் செய்கிறோம். அங்கே முழ நீளக் கம்பிகள் தொங்கினாலும் வாய்பாடு பொய்ப்பதில்லை. அதனாலேயே நமக்கு ஐயமும் எழுவதில்லை. ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம்: அதே சோதனையை ஒரே ஒருமுறை 10 மெகாஹெர்ட்ஸில், அதே நீளக் கம்பிகளோடு செய்ய விடுங்கள். வாய்பாடும் அளவீடும் எவ்வளவு விலகுகின்றன என்பதைச் செய்முறைப் பதிவேட்டில் உள்ளபடியே எழுதித் தருகிறோம்.