நம்பிக்கையான துவக்கு

எங்கள் குடும்பத்தில் யார் போன் வாங்குவதென்றாலும் முதலில் எங்களைத்தான் கேட்பார்கள். நாங்கள் என்றால் ஒரே வளவுக்குள் வளர்ந்த மூன்று பேர், சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள். எது சார்ஜ் நிற்கும், எது விழுந்தால் உடையும், எது ஒரு வருசத்தில் இழுபடத் தொடங்கும் என்று நாலு இரவு யூடியூப் பார்த்து, அட்டவணை போட்டு, கடைசியில் ஒரு பெயர் சொல்லுவோம். அந்த நம்பிக்கையில்தான் ஹூஸ்டனில் இருக்கிற அண்ணாவும் எங்களுக்குக் கோல் எடுத்தார்.

"டேய், ஒரு சாமான் வாங்கவேணும். நம்பிக்கையான மொடல் ஒண்டு பாத்துச் சொல்லுங்கோ."

"என்ன சாமான் அண்ணா?"

"பிஸ்டல்."

கொஞ்ச நேரம் நாங்கள் மூன்று பேரும் வாய் திறக்கவில்லை.

அண்ணாவுக்கு ஒரு பெற்றோல் நிலையக் கடையில் இரவு வேலை. இரண்டு கிழமைக்கு முன் பக்கத்துத் தெருக் கடையில் நின்ற பெடியனிடம் துவக்கைக் காட்டிக் காசைப் பறித்திருக்கிறார்கள். "கடைக்குள்ள கண்ணாடி இருக்கு, கமரா இருக்கு. விடியப்பறம் பூட்டிப்போட்டுக் காருக்கு நடக்கிற அந்த நாப்பது அடிதான் பயமாக் கிடக்கு" என்றார்.

மாணவர் விசாவில் இருந்த காலத்தில் பொதுவாக அங்கே துவக்கு வாங்க ஏலாது. இப்போது கிறீன் கார்ட் இருக்கிறது, முடியும். கடையில் ஒரு படிவம் நிரப்பவேண்டும், பின்னணிச் சோதனை நடக்கும், அவ்வளவுதான். டெக்சாஸில் 2021 செப்டெம்பர் 1 முதல், 21 வயது கடந்த, சட்டத்தடை ஏதும் இல்லாத ஒருவர் அனுமதிப்பத்திரம் இல்லாமலே கைத்துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போகலாம். தோட்டக் காவலுக்கு ஒரு துவக்கு வைத்திருக்கவே லைசென்ஸ் கேட்கிற நாட்டில் இருந்துகொண்டு நாங்கள் இதைக் கேட்டோம். எங்களுக்குத் தெரிந்த துவக்கெல்லாம் யாரோ ஒருவரின் தோளில் தொங்கியது. கடையில் விலை கேட்டு வாங்குகிற சாமானாக நாங்கள் அதை யோசித்ததே இல்லை.

ஆனாலும் வேலையைத் தொடங்கினோம். வெட்கத்தோடு ஒன்றைச் சொல்லவேண்டும்: அது சுவாரசியமாகத்தான் இருந்தது.

முதல் கேள்வி, ரிவோல்வரா பிஸ்டலா? ரிவோல்வரில் ஐந்து அல்லது ஆறு ரவைதான். ஒரு ரவை வெடிக்காவிட்டால் விசையைத் திரும்ப இழுக்க, உருளை சுற்றி அடுத்தது வரும். மகசீனும் இல்லை, சிக்குவதும் குறைவு. ஆனால் விசை நல்ல இறுக்கம், பயந்த கை குறி தவறும். பிஸ்டலில் ரவை கூட, நிரப்புவதும் கெதி. சிக்கினால் அதை எடுத்துவிடப் பழகியிருக்கவேண்டும். சிக்குவதற்குக் காரணம் பெரும்பாலும் மூன்றுதான்: பழுதான மகசீன், ஒத்துவராத ரவை, தளர்ந்த பிடி.

பிறகு கிளொக்கின் கதை. அதற்குமுன் ஒரு துவக்குக்கூடச் செய்யாத காஸ்டன் கிளொக் என்பவர் ஒன்றைச் செய்ய, 1982இல் ஒஸ்திரிய இராணுவம் அதை எடுத்துக்கொண்டது. உடம்பு பிளாஸ்ரிக், உதிரிப்பாகம் குறைவு, சேறும் மண்ணும் பட்டாலும் வேலை செய்யும். அதன் சின்னத் தம்பிதான் 15 ரவை பிடிக்கிற கிளொக் 19. எங்கள் அட்டவணையில் அது மேலே ஏறியது.

ரவையின் அளவுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1986இல் மியாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் எஃப்.பி.ஐ. ஆட்கள் இரண்டு பேர் செத்ததும், 9 மில்லிமீற்றர் காணாது என்று சொல்லிப் பெரிய ரவைக்குப் போனார்கள். கிட்டத்தட்ட முப்பது வருசம் கழித்துத் திரும்ப 9 மில்லிமீற்றருக்கே வந்தார்கள். ரவைகள் திருந்திவிட்டன. உதைப்புக் குறைந்தால் ஆட்கள் குறி தவறாமல் சுடுவார்கள் என்பதும் விளங்கிவிட்டது.

விழுந்தால் உடையுமா என்பது போன்களுக்கு நாங்கள் கேட்கிற கேள்வி. இங்கே, விழுந்தால் வெடிக்குமா என்று பார்த்தோம். 2017இல் சிக் சவர் பி320 என்ற பிஸ்டல் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் விழுந்தால் தானே வெடிக்கலாம் என்று தெரியவந்து, கொம்பனி இலவசமாகத் திருத்திக் கொடுத்தது. அதே வருசம்தான் அமெரிக்க இராணுவமும் அந்த மொடலைத் தழுவிய துவக்கைத் தெரிவுசெய்திருந்தது. அட்டவணையில் இன்னொரு கட்டம் கூடியது.

மூன்றாம் இரவு மாமா எங்களுக்குப் பின்னால் வந்து நின்றார். மாமாவின் இடதுகால் மடங்காது. முல்லைத்தீவுப் பக்கம் மாடு தேடிப் போனபோது கட்டுத்துவக்கு வெடித்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறோம்: பன்றிக்கென்று பற்றைக்குள் துவக்கைக் கட்டி, விசையிலிருந்து பாதைக்குக் குறுக்கே கம்பி இழுத்துவிடுவார்கள். கால் பட்டால் வெடிக்கும்.

"என்னடா பாக்கிறியள்?"

சொன்னோம். "எது நம்பிக்கையானது எண்டு பாக்கிறம் மாமா."

மாமா காலைத் தடவிக்கொண்டு சிரித்தார். "எனக்கு வெடிச்சதும் நல்ல நம்பிக்கையான துவக்குத்தான். ஒரு மாசம் மழையில கிடந்தும் ஒரு தரத்திலயே வெடிச்சுது. அதுக்குப் பண்டி எது, நான் ஆர் எண்டுதான் தெரியேல்லை."

அதற்குப் பிறகு அட்டவணையைப் பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது. அதிலிருந்த எல்லாக் கட்டமும் ஒரே கேள்விதான்: விசையை இழுத்தால் வெடிக்குமா? இழுக்கிற விரல் யாருடையது என்று ஒரு கட்டமும் கேட்கவில்லை.

அண்ணாவின் வீட்டில் நாலு வயசு மகள் இருக்கிறாள். கிளொக்கின் விசைக்கு ஏறத்தாழ இரண்டரைக் கிலோ இழுவை, வெளியே பூட்டுவதற்கு ஒரு நெம்பும் இல்லை. இரண்டு பெருவிரலையும் சேர்த்து அழுத்தினால் சின்னப் பிள்ளையாலும் முடியலாம். அவர்களின் அப்பார்ட்மென்ட் சுவர் ஜிப்சம் பலகை. 9 மில்லிமீற்றர் ரவை அதைத் துளைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போகும், அடுத்த வீட்டுக்கும் போகும்.

இன்னொரு விசயமும் எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். 2020இல் வேலை போனபோது அண்ணா மூன்று மாசம் யாருடனும் கதைக்கவில்லை. இரவில் காருக்குள் போய்த் தனிய இருப்பார் என்று அண்ணி அழுதுகொண்டு சொன்னார். அதைப் பற்றிக் குடும்பத்தில் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை. எங்கள் ஆட்களுக்கு அது வருத்தமாகத் தெரிவதில்லை, "கொஞ்சம் யோசிக்கிறான்" என்று சொல்லிவிட்டு விடுவார்கள்.

அமெரிக்காவில் 2021இல் துவக்கால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் பாதிக்கும் மேல் தங்களைத் தாங்களே சுட்டவர்கள். 2020இல் வெளியான கலிபோர்னியா ஆய்வு ஒன்று, கைத்துப்பாக்கி வைத்திருக்கிற ஆண்கள் அப்படி இறப்பது, வைத்திராத ஆண்களைவிட ஏறத்தாழ எட்டு மடங்கு என்று சொன்னது. பெண்களில் இது முப்பது மடங்குக்கும் மேல். மனம் விழுகிற நேரம் பெரும்பாலும் கடந்துபோகிற நேரம். கைக்கெட்டும் தூரத்தில் தவறாமல் வேலை செய்கிற சாமான் ஒன்று இருந்தால், கடந்துபோக அது விடாது.

இதை யார் சொல்வது? வயதில் மூத்த அண்ணாவிடம் இதைக் கேட்கலாமா? ஒரு கிழமை இழுத்தடித்தோம். பிறகு மூன்று பேரும் சேர்ந்தே கோல் எடுத்தோம்.

முதலில் கேட்டதற்குப் பதில் சொன்னோம். கிளொக் 19, 9 மில்லிமீற்றர். வாங்குமுன் ரேஞ்சுக்குப் போய் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பாருங்கோ. வைத்திருக்கப்போகிற அதே ரவையில் ஒரு இருநூறாவது சிக்காமல் போகவேணும். பயிற்சி எடுக்காமல் இடுப்பில் செருகவேண்டாம். கையில் இல்லாத நேரமெல்லாம் அது சுவரோடு பொருத்திய இரும்புப் பெட்டிக்குள் இருக்கவேணும்.

பிறகு எங்களில் சின்னவள் கேட்டாள்: "அண்ணா, அந்த மூண்டு மாசம் மாதிரித் திரும்ப வந்தா, பெட்டி நம்பர் ஆரிட்ட இருக்கும்?"

அண்ணா கனநேரம் கதைக்கவில்லை. கோல் அறுந்துவிட்டது என்றுகூட நினைத்தோம். பின்னால் மகள் ஏதோ கார்ட்டூன் பார்க்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"உங்களுக்கு அது தெரியுமோ?" என்றார் கடைசியில்.

"ஓம்."

"இவ்வளவு நாளும் ஏன் கேக்கேல்லை?"

அதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. அன்றைக்கு இரண்டு மணித்தியாலம் கதைத்தோம், துவக்கைப் பற்றி இல்லை.

அண்ணாவின் பயம் பொய்யில்லை. அந்த நாற்பது அடியை நடக்கிறது அவர்தான். இங்கே கதிரையில் இருந்துகொண்டு 'வேண்டாம்' என்று சொல்ல எங்களுக்கு உரிமை இருக்கிறதா என்று இன்னும் தெரியவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வியை விட அவர் கேட்காத கேள்விதான் முக்கியம் என்று இப்போது விளங்குகிறது. ஒரு துவக்கு நம்பிக்கையானதா என்று பார்க்க நாலு இரவு காணும். எங்கள் வீட்டில் ஒரு மனிசன் எப்படி இருக்கிறார் என்று கேட்க எங்களுக்கு நாலு வருசம் எடுத்தது.

அண்ணா ரேஞ்சுக்குப் போய்வந்தார். முதல் நாள் ஐம்பது ரவை சுட்டாராம், கை நடுங்கியதாம். முதலாளியோடு கதைத்து, பூட்டுகிற நேரத்துக்கு இரண்டு பேர் நிற்கிற மாதிரி ஒழுங்குசெய்திருக்கிறார். வைத்தியரிடமும் ஒருமுறை போய் வந்தார். பெட்டியை வாங்கி அலுமாரிக்குள் பூட்டியாயிற்று, நம்பர் அண்ணியிடம். துவக்கு இன்னும் வாங்கவில்லை. வாங்கவும் கூடும்.

போன ஞாயிறு வீடியோ கோலில் மகள் அந்தப் பெட்டியைக் காட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று எங்களைக் கேட்டாள்.

"ஒண்டும் இல்லையம்மா" என்றோம்.