மேற்குச் சன்னல்

ஆகஸ்ட் 30, 2020, ஞாயிறு

கொரோனாவால் இந்த மாதம் எல்லா ஞாயிறும் முழு ஊரடங்கு. சாயங்காலம் டிவியில் அறிவிப்பு ஓடியது. செப்டம்பர் 1 முதல் எல்லா வழிபாட்டுத் தலங்களையும் திறக்கலாம், ஞாயிறு ஊரடங்கும் இனிமேல் இல்லை. ஆண்டு வருமானம் 10,000 ரூபாய்க்குக் குறைந்த கிராமத்துக் கோயில்களுக்கு ஜூலை 1 அன்றே அனுமதி வந்துவிட்டது. பக்கத்து ஊர்ச் சின்னக் கோயில் அப்போதே திறந்தது. எங்கள் கிறிஸ்தவக் கோயில் அந்தக் கணக்கில் வராது.

ராத்திரி எங்கள் சபைப் போதகர் ஐயர் போன் பண்ணினார். "சிஸ்டர், ஆறாம் தேதி ஆராதனை வச்சிரலாமா? சுத்தம் பண்ணுற பொறுப்பு உங்களுக்கு" என்றார். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிட்டையர் ஆனவள் கமிட்டியில் இருந்தால் இதெல்லாம் அவள் தலையில்தான் விழும். சரி என்றேன். சுத்தம் மட்டும் போதாது என்பதை நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 31, திங்கள்

கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்குட்டி அண்ணாச்சி கதவைத் திறந்ததும் வௌவால் எச்ச நாற்றம் குப்பென்று வந்தது. மார்ச்சிலிருந்து ஆள் புழங்காத கட்டடம். பிரசங்க பீடத்து மைக்கின் கழுத்தில் குளவி மண்கூடு கட்டியிருக்கிறது. பாமாலை அலமாரியில் கீழ்த்தட்டு முழுக்கக் கரையான். ஒரு புத்தகத்தை எடுத்தால் அட்டை மட்டும் கையோடு வருகிறது, உள்ளே மண்.

இளைஞர் சங்கத்துப் பிள்ளைகள் ஆளுக்கொரு விளக்குமாறோடு வந்து நின்றார்கள். நிறுத்தச் சொன்னேன். காய்ந்த எச்சத்தைப் பெருக்கினால் அத்தனையும் தூசியாகி நெஞ்சுக்குள் போகும். முதலில் தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, மாஸ்க் போட்டுக்கொண்டு வழித்தெடுத்தார்கள். மாடித் தொட்டியில் மாதக்கணக்கில் நின்ற தண்ணீரைத் திறந்துவிட்டு, தேய்த்துக் கழுவி, குளோரின் போட்டு, எல்லாக் குழாயையும் ஓடவிட்டோம்.

செப்டம்பர் 1, செவ்வாய்

ஹைப்போ நாள், அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட் கிருமிநாசினி. 5 சதவீத ஹைப்போ ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர் விட்டால் 1 சதவீதம் வரும். தரை, பெஞ்சு, கதவுப்பிடி எல்லாம் அதில் துடைத்தாயிற்று. பித்தளைச் சிலுவையையும் திருவிருந்துப் பாத்திரங்களையும் அது அரித்துவிடும், அவற்றுக்கு சோப்புத் தண்ணீர்தான். ஒரு பையன் வாசம் வரட்டும் என்று ஹைப்போ வாளியில் பினாயிலை ஊற்றப் போனான். நல்லவேளை, கையைப் பிடித்துவிட்டேன். ஹைப்போவோடு வேறு எதையும் கலக்கக் கூடாது. கக்கூஸ் கழுவும் ஆசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும்.

கமிட்டியில் ஒருவருக்கு வாசலில் மருந்துப் பந்தல் வைக்கணுமாம், வருகிறவர்கள் மேல் புகைபோலத் தெளிக்க. ஏப்ரலில் திருப்பூர் சந்தையில் வைத்த படம் அவர் போனில் இருக்கிறது. ஆள்மேல் மருந்து தெளிக்கக் கூடாதென்று அதே ஏப்ரலில் மத்திய சுகாதார அமைச்சகம் சொல்லிவிட்டதை அவருக்குச் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஏதாவது செய்தால்தான் ஜனத்துக்குத் தைரியம் வரும் என்கிறார். வாஸ்தவம். அந்தத் தைரியத்தில் மாஸ்க்கைக் கழற்றிப் பாக்கெட்டில் வைத்துக்கொள்வார்கள் என்பதும் வாஸ்தவம்.

செப்டம்பர் 2, புதன்

இன்றைக்குத்தான் உண்மையான வேலை. கிழக்குச் சன்னல்கள் திறந்தன. மேற்கே உள்ள ஐந்தும் அசையவில்லை. வருஷா வருஷம் பெயிண்ட் மேல் பெயிண்ட் அடித்து, கதவும் சட்டமும் ஒன்றாகிப் போயிருக்கின்றன.

"அது திறக்குறது இல்லம்மா. தேரி மண்ணு உள்ள வந்துரும்லா" என்றார் அண்ணாச்சி. நியாயம்தான். ஆனியில் தொடங்கும் மேல்காற்று ஆவணிவரை செம்மண்ணை வாரி அடிக்கும். பீடத்து வெள்ளைத் துணி ஒரே ஆராதனையில் காவியாகிவிடும். அந்தக் காலத்தில் கட்டியவர்கள் காற்று கோயிலுக்கு ஊடே போகட்டும் என்று எதிரெதிராகச் சன்னல் வைத்தார்கள். பின்னால் வந்தவர்கள் ஃபேன் வாங்கிப் போட்டு அடைத்துவிட்டார்கள். பூட்டிய அறையில் ஃபேன் ஓடினால் ஒருத்தர் விட்ட மூச்சு எல்லார் முகத்துக்கும் போகும், அவ்வளவுதான்.

கொரோனா கிருமி காற்றில் மிதந்தும் பரவுகிறது என்று ஜூலையில் 239 விஞ்ஞானிகள் சேர்ந்து மடல் எழுதினார்கள். டிபி வார்டில் வேலை பார்த்த எனக்கு அது புதிதில்லை. 1928-இல் தாம்பரம் சானடோரியத்தைத் தொடங்கிய டாக்டர் சௌரி முத்து திறந்த காற்றையே சிகிச்சையாக நம்பியவர். காசநோய்க்கு மாத்திரை வருவதற்கு முந்திய காலம் அது.

ஆசாரியார் உளியும் சுத்தியலுமாக வந்தார். விளிம்பு பூராவும் உளியை ஓட்டிச் சுரண்டினார். பச்சை, அதற்கடியில் நீலம், அதற்கடியில் இன்னொரு பச்சை என்று சுருள் சுருளாய் உதிர்ந்தது. மூன்றாவது சன்னல் திறந்ததும் காற்று அடித்த அடியில் பீடத்து மெழுகுவர்த்தி சாய்ந்தது. நர்சரியில் கட்டுகிற பச்சை வலையை வெளியே கட்டச் சொல்லியிருக்கிறேன். பாதி மண்ணாவது வலையோடு நிற்கும். மீதியைத் துடைத்துக்கொள்ளலாம்.

வேப்பமரத்தடியில் ஆராதனை வைத்தால் இந்தப் பாடே இல்லை. ஐயரிடம் சொன்னேன். ஆறு மாசமாகக் கோயிலுக்குள் கால் வைக்காத ஜனத்திடம் வெளியே உட்காருங்கள் என்று எப்படிச் சொல்ல, என்று கேட்டார். எனக்கென்னவோ இன்னமும் மரத்தடிதான் சரி.

செப்டம்பர் 3, வியாழன்

கொயர் மாஸ்டர் வீட்டுக்கே வந்துவிட்டார். ஜூன் 4 தேதியிட்ட மத்திய அரசு வழிகாட்டுதலில் கொயரும் கூட்டுப் பாட்டும் கூடாது, பதிவுசெய்த பாட்டைப் போட்டுக்கொள்ளலாம் என்றிருக்கிறது. "வாயத் தொறக்காம என்ன ஆராதனை சிஸ்டர்?" என்றார். நெல்லைச் சீமையில் பாமாலை என்றால் கடைசி வரிசைவரை அடிவயிற்றிலிருந்து வரும். அவர் வருத்தம் புரிகிறது.

அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் மார்ச் 10-ஆம் தேதி நடந்ததைச் சொன்னேன். ஒரு பாடகர் குழுவில் 61 பேர் இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தார்கள். அவர்களில் 53 பேருக்கு நோய் வந்தது, இரண்டு பேர் இறந்தார்கள். கைகுலுக்கவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை, பாடினார்கள். மாஸ்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, கீபோர்டை மட்டும் வாசிக்கலாமா என்று கேட்டார். தாராளமாக வாசிக்கலாம்.

செப்டம்பர் 4, வெள்ளி

கமிட்டி. முதல் ஞாயிறு, திருவிருந்து உண்டு. ஒரே பாத்திரத்தில் எல்லாரும் வாய்வைப்பது எங்கள் வழக்கம். துடைத்துத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்று ஒரு கட்சி, திருவிருந்தே வேண்டாம் என்று ஒரு கட்சி. அமெரிக்கச் சபைகளில் காசநோய்க்கும் தொண்டை அடைப்பானுக்கும் பயந்து 1890-களிலேயே தனித்தனிக் கிண்ணம் வந்துவிட்டது. இங்கிலாந்துத் திருச்சபை இந்த மார்ச்சில் பாத்திரத்தை நிறுத்தி, அப்பம் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டது. இந்த ரெண்டையும் ஐயரே எடுத்துச் சொன்னார். பேச்சு மணிக்கணக்கில் போய், அப்பம் மட்டும், உள்ளங்கையில் வைத்து, என்று முடிந்தது.

காணிக்கைப் பை கைமாறாது, வாசலில் பெட்டி. இதற்கு மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

செப்டம்பர் 5, சனி

60 அடிக்கு 30 அடி ஹால். ஆறடிக்கு ஒரு வட்டம் போட்டதில் 50 வந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்நூறு பேர் நெருக்கியடித்து உட்காருகிற இடம். ஒரு வீட்டார் ஒரு வட்டத்தில் சேர்ந்து உட்காரலாம். கோரைப்பாய்களைச் சுருட்டி அறையில் போட்டுப் பூட்டியாயிற்று. அவரவர் துண்டோ பாயோ கொண்டுவரணும். சானிடைசரை வாசலில் வைத்தேன், பீடத்துப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. அது ஸ்பிரிட், கை ஈரம் காயாமல் மெழுகுவர்த்தி ஏற்றினால் கையே பற்றிக்கொள்ளும்.

65 வயதுக்கு மேலே உள்ளவர்களை வீட்டிலேயே இருக்கச் சொல்லணும். இங்கே ஞாயிறு தவறாமல் வருகிறவர்களில் பாதிப் பேர் அந்த வயதுதான். அவர்கள் பிள்ளைகள் சென்னையிலும் மும்பையிலும் இருக்கிறார்கள். அண்ணாச்சிக்கே 68. மணிக்கூண்டுக் கதவு வெளிப்பக்கம் இருப்பதால் மணியை அடித்துவிட்டு அப்படியே வீட்டுக்குப் போய்விடச் சொன்னேன். "நீ சொன்னா சரிதாம்மா" என்றார். போகமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

செப்டம்பர் 6, ஞாயிறு

வட்டங்கள் ஏறக்குறைய நிரம்பின. கீபோர்டு தொடங்கியதும் மாஸ்க்குக்குள்ளேயே முனகல் கிளம்பியது. ஐயர் கையைக் காட்டி அடக்கினார், கொஞ்சம் அடங்கியது. வயசாளிகள் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு ஒலிபெருக்கியில் கேட்டார்கள், அண்ணாச்சியும் அங்கேதான். அப்பத்தையும் ஐயர் அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தார். உள்ளே இருந்தவர்களைவிட அவர்கள்தான் பத்திரமாக இருந்தார்கள்.

முடிந்து வெளியே வந்ததும் எல்லாம் கலைந்தது. ஆறு மாசக் கதையை ஆறடி தள்ளி நின்று பேச யாருக்கும் தெரியவில்லை. இனி ஒவ்வொரு வரிசையாகத்தான் எழுப்பி அனுப்பணும்.

பீடத்துத் துணியில் மண் படிந்திருப்பதாக மூன்று பேர் புகார் சொன்னார்கள். துவைத்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் முதல் இரண்டு ஆராதனை. இரண்டுக்கும் நடுவில் ஒரு மணி நேரம் ஆள் யாரும் இல்லாமல் எல்லாச் சன்னலும் திறந்து கிடக்க வேண்டும் என்று கமிட்டி நோட்டில் எழுதி, ஐயர் கையெழுத்தும் வாங்கியாயிற்று.